குழாயடிப் பாத்தி

ஜூன் 9

தம்பிக்கு,

லாரி வந்து சேர்ந்தது. அப்பாவை எடுத்த அன்று நீ வந்த நேரத்தைவிட உன் குதிரை எரு சரியான நேரத்துக்கு வந்தது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம். நீ வேலை பார்க்கும் குதிரைப் பண்ணையில் டவரும் கிடையாது. அதனால் கடிதம். "இது அக்காவுக்கு இல்ல, பிள்ளைங்களுக்குன்னு சொல்லச் சொன்னாரு" என்று டிரைவர் ஒப்பித்தார். சரி, பிள்ளைகள் சார்பில் நன்றி.

என் வகுப்பைப் பற்றி உனக்குத் தெரியாது. எட்டாம் வகுப்பில் தேறாதவர்கள், பாதியில் நின்று திரும்பி வந்தவர்கள், மற்ற ஆசிரியர்கள் வேண்டாம் என்று தள்ளியவர்கள் எல்லாரையும் ஒரே அறையில் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் இந்த வகுப்பைக் 'கசடு' என்பார்கள். பாடப்புத்தகத்தில் 'சமூகத் தோட்டம் தொடங்குவது எப்படி' என்று ஒரு பக்கப் பாடம். படத்தில் நாலு பிள்ளைகள் சலவைச் சட்டையோடு ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரே வாளியை நாலு பேர் பிடித்தால் சிரிப்பு வராது, சண்டைதான் வரும் என்று கசடுக்குத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, நிஜமாகவே தொடங்கிப் பார்ப்போம் என்றேன்.

பள்ளிக்குப் பின்னால் பழைய கட்டடத்தை இடித்துப்போட்ட வெற்றிடமும் அதில் ஒரு குழாயும் இருக்கின்றன. பிள்ளைகள் எதிர்த் தெருவில் கதவு கதவாகத் தட்டினார்கள். தெருவில் எல்லாம் ஒற்றை அறை வீடுகள். "வெளஞ்சா யாருக்கு?" என்று தையல்காரர் கேட்டார். அந்தக் கேள்வியோடு திரும்பி வந்து இரண்டு நாள் அதையே பேசினோம். அவரவர் பாத்தி அவரவருக்கு, குழாய் எல்லாருக்கும் என்று விதி எழுதினார்கள். பிறகு கூட்டம் போட்டுச் சீட்டுக் குலுக்கினோம். குழாயை ஒட்டிய பாத்தி பட்டாணி வீட்டுக்கு விழுந்தது.

பட்டாணி என் மாணவி. வகுப்பிலேயே குள்ளம், உருண்டை முகம், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா தெருக்கோடித் தகரக் கொட்டகையில் ஊர்க் குப்பையைப் பிரிக்கிறார். இரண்டு பேரும் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள். தெருக் குழாய் பக்கம் அவர்களை யாரும் விட்டதில்லை. லாரி நிறுத்தத்துக்குப் போய்த்தான் தண்ணீர் சுமந்தார்கள். சீட்டு விழுந்ததும் தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "இன்னொரு தடவ குலுக்கிடலாமா டீச்சர்? சீட்டு ஒட்டிக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு."

"ஒட்டல. நான் பார்த்தேன்" என்றேன்.

இப்போது அவர்கள் தோட்டக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். தோட்டம் இருக்கும்வரை யாரும் தடுக்க முடியாது. பத்து வருடம் பாடம் நடத்தி நான் சாதித்தது இது ஒன்றுதான். இதைக் கெடுக்க யார் வந்தாலும் கடித்துவிடுவேன்.

உன் எரு ஒரு மணி நேரத்தில் காலி. நாலு விரல் கனத்துக்குப் பரப்பச் சொன்னேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

அக்கா

ஜூன் 20

அக்கா,

எருவுக்கு ஒரு வரி நன்றி, அப்பாவுக்கு ஒரு வரி குத்தல். பாக்கிப் பக்கமெல்லாம் பாடம். நீ மாறவே இல்லை.

அன்று ஒரு குதிரைக்குக் குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டு வந்திருந்தால் முதலாளி என்னை விட்டிருக்க மாட்டார். இதை முன்பே சொன்னேன். "குதிரைக்கு லீவு கெடச்சுதா?" என்று அத்தனை பேர் முன்னால் நீ கேட்டாய். சரி, விடு.

எரு எப்படி? ஒரு வருடம் மக்கவைத்தது. கையில் எடுத்தால் டீத்தூள் மாதிரி உதிரும். இங்கே மலை மாதிரிக் கிடக்கிறது. ஒரு பிடிகூட வெளியே போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. பெரிய பள்ளம் வெட்டிப் புதைக்கச் சொல்வார். பணக்காரன் சாணியைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டான் என்று நாங்கள் சிரிப்போம். காரணம் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. டிரைவர் நம் ஆள் என்பதால், பள்ளத்துக்குப் போக வேண்டிய ஒரு லோடு உன் பக்கம் திரும்பியது. எந்தப் பண்ணை என்று மட்டும் யாரிடமும் சொல்லாதே. தெரிந்தால் வேலையும் போகும், குடியிருக்கும் அறையும் போகும். இவளுக்கு இப்போது ஆறாம் மாதம். உனக்கு அதுவும் தெரியாது. எப்படித் தெரியும்?

அவரை காய்த்தால் ஒரு பை அனுப்பு. பிள்ளைகள் சார்பில்.

தம்பி

ஜூலை 14

தம்பி,

சண்டையை ஒத்திவைப்போம். தோட்டத்தில் ஏதோ நடக்கிறது. எனக்குப் புரியவில்லை.

முளைப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது இலையிலிருந்து கோணல் தொடங்கியது. அவரை இலை விரியாமல், பிச்சைக்கு ஏந்திய கை மாதிரிக் குவிகிறது. தக்காளிக் கொழுந்து முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருக்கிறது. தண்டு தடித்து வளைந்து தரையைப் பார்க்கிறது. பூச்சி இல்லை. வேரைப் பிடுங்கிப் பார்த்தோம், அழுகல் இல்லை. ஒரு பாத்தி இரண்டு பாத்தி என்றால் பரவாயில்லை, மொத்தத் தோட்டமும் அப்படித்தான்.

பட்டாணியின் பாத்தி தவிர. அங்கே அவரை கொம்பைத் தாண்டி ஏறிவிட்டது. தக்காளி பூத்திருக்கிறது.

இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா? தையல்காரர் நேற்று தன் பாத்தி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். "இது நோய் இல்ல டீச்சர். யாரோ ஊத்தியிருக்காங்க." யாரோ என்று சொல்லும்போதே கண் குழாய்ப் பக்கம் போயாயிற்று. "குப்பையில என்னென்ன டப்பா வருதுன்னு அதுங்களுக்குத்தான் தெரியும்" என்றது பின்னால் ஒரு குரல். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதுவே பேச்சு.

பட்டாணியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். கையுறையைக் கழற்றாமலே பேசினார். "நான் எதுக்கு டீச்சர் ஊத்தப் போறேன்? எனக்கே இப்பதான் கொழாய் கெடச்சிருக்கு. தோட்டம் போச்சுன்னா முதல்ல போறது என் கொடம்தானே?" இதைவிடத் தெளிவாக ஒரு வக்கீல்கூட வாதாட முடியாது. ஆனால் யார் கேட்கிறார்கள்?

இன்று காலை குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சாவி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அவர்கள் வீட்டில் இல்லை. "மிஸ், அவ பாத்தி மட்டும் எப்படி மிஸ்?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். பட்டாணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் தெரியும் என்று அவள் நம்புகிறாள்.

நீ புல்லோடும் மருந்தோடும் இருப்பவன். இது என்ன நோய்? உடனே எழுது.

அக்கா

ஜூலை 22

அக்கா,

நோய் என்னவென்று இங்கிருந்து சொல்ல முடியாது. வெயிலாக இருக்கலாம். விதை மோசமாக இருக்கலாம். கடையில் கேட்டு ஏதாவது மருந்து அடித்துப் பார்.

இதற்கு மட்டும் பதில் எழுது. அங்கே யாராவது மக்காச்சோளம் போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அது எப்படி இருக்கிறது? பாத்திக்குள் புல் முளைக்கிறதா?

அந்தப் பெண்ணின் பாத்திக்கு எரு போட்டீர்களா?

சீக்கிரம் எழுது.

தம்பி

ஜூலை 27

தம்பி,

நீ கேட்டதற்குப் பதில். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். தெருவில் பாதி வீடுகளும் அந்தத் தகரக் கொட்டகையும் அவருடையவை. சோளம் ஆள் உயரத்துக்கு ஜம்மென்று நிற்கிறது. புல் எல்லாப் பாத்தியிலும் செழிப்பாக இருக்கிறது. செத்த அவரைக்கு நடுவே புல் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. தோட்டத்தில் பச்சையாக நிற்பது ஒரு பாத்தி இல்லை, இரண்டு. வீட்டுக்காரர் சோளத்தைப் பார்த்து, ஏன் அது சாகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் வாய் அத்தனையும் அவருக்கு வாடகை கொடுக்கும் வாய்.

பட்டாணியின் பாத்திக்கு எரு போடவில்லை. ஏன் என்று கேட்பாய். லாரி வந்த அன்று எல்லாரும் வாளியோடு ஓடினார்கள். பட்டாணியின் அம்மா வேலை முடிந்து வந்து ஓரமாக நின்றார். தனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் அள்ளட்டும் என்று நின்றார். அவர் முறை வந்தபோது குவியலில் இன்னும் இருந்தது. தையல்காரர் மனைவி அதையும் வழித்துத் தன் பாத்தியில் கொட்டிவிட்டு, "முடிஞ்சு போச்சும்மா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சீட்டு விஷயத்திலேயே ஒருமுறை முறைத்துக்கொண்டாயிற்று, மறுபடியும் எதற்கு என்று அடுத்த லோடில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "பரவால்ல டீச்சர்" என்று காலி வாளியோடு போனார்.

நீ ஏன் சோளத்தைக் கேட்டாய்? ஏன் எருவைக் கேட்டாய்? நான் முட்டாள் இல்லை. இரண்டு கேள்வியையும் சேர்த்து வைத்தால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரிகிறது. நீயே உன் கையால் எழுது.

சீக்கிரம் எழுது என்றாய். இங்கே என்ன நடக்கிறது என்று கேள். கொட்டகைத் தகரத்தின் மேல் கல் விழுகிறது. பட்டாணியோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்று இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அவள் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுத்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு. எனக்கு ஒண்ணும் இல்ல, தெரு ஜனங்க கேக்க மாட்டேங்குறாங்க" என்றாராம். இந்த ஊரில் குப்பை பிரிப்பவருக்கு வேறு எவன் இடம் கொடுப்பான்? பட்டாணி படிப்பை விட்டால் மறுபடி வர மாட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை நின்றவள்.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

எழுதுகிறேன். எருதான்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே குதிரை டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிரித்தார். "அதனாலதானேப்பா வெளிய விடறதில்ல. உனக்குத் தெரியாதா?" புல்வெளியில் களை வராமல் இருக்க நான் ஒரு மருந்து அடிப்பேன். அது புல்லை ஒன்றும் செய்யாது, அகல இலைச் செடியை மட்டும் முறுக்கிக் கொல்லும். குதிரை அந்தப் புல்லைத் தின்று, செரித்து, போட்ட பிறகும் மருந்து அதில் அப்படியே இருக்குமாம். மக்கினாலும் சீக்கிரத்தில் போகாதாம். சோளமும் புல் ஜாதி, அதனால் பிழைத்தது. மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்றார். மண் தெளிய ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாமாம்.

முதலாளி சாணியைக்கூட விடாத கஞ்சன் என்று இத்தனை வருடம் சிரித்தோம். ஒரே ஒரு நாள் ஏன் என்று கேட்டிருந்தால் போதும். மருந்து அடித்தவன் நான். வருடம் முழுக்க முதுகில் சுமந்து அடித்தவன். எனக்கே யாரும் சொல்லவில்லை.

வந்து சொல் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். என்னால் முடியாது. ஊர் நடுவில் நின்று சொன்னால் சாயங்காலத்துக்குள் பண்ணைக்குத் தெரியும். இவளுக்கு எட்டாம் மாதம் பிறக்கப்போகிறது. அறையைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவேன்? உன் வீட்டுக்கா?

ஏதோ வைரஸ் நோய் என்று சொல்லிவிடு. டீச்சர் சொன்னால் நம்புவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள். அன்று அந்த அம்மாவுக்கும் நீ ஒரு வாளி வாங்கிக் கொடுத்திருந்தால் அவர்கள் பாத்தியும் செத்திருக்கும். ஒருவர் மேலும் பழி வந்திருக்காது. தப்பு என் எருவில் மட்டும் இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

உன் கடைசிப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. உண்மை. அவர்களுக்கு நியாயம் கிடைத்திருந்தால் அவர்களும் நாசமாகியிருப்பார்கள், அதனால் தப்பித்திருப்பார்கள். இதை எந்த வகுப்பில் நடத்துவது?

வைரஸ் என்று சொல்ல மாட்டேன். நான் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை. நோய் என்றால், அந்த நோயைக் குப்பையிலிருந்து கொண்டுவந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் தெருக்கோடியில் தயாராக இருக்கிறது.

எரு காரணம் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். பண்ணையின் பெயரைச் சொல்லவில்லை. தையல்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், உங்க மனசு தங்கம். ஆனா அவளக் காப்பாத்தறதுக்காகச் சொந்தத் தம்பி மேலயே பழி போடலாமா? என்ன அருமையான எரு! தொட்டா டீத்தூள் மாதிரி." கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. தம்பி, உன் எருவுக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று பிள்ளைகளோடு சோதனை வைத்தேன். டீ குடிக்கும் காகிதக் கப்புகள். பாதியில் எருப் போட்ட மண், பாதியில் பட்டாணி பாத்தி மண். ஒரே பையிலிருந்து அவரை விதை. பிள்ளைகள் ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். எருக் கப்பில் மூன்றாவது இலை குவிந்தது, மற்றதில் கையகலம் விரிந்தது. இதைவிடச் சுத்தமாக ஒரு நிரூபணம் இருக்க முடியாது. பெஞ்சில் வரிசையாக அடுக்கி வைத்துத் தெருவைக் கூப்பிட்டேன். வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள். தையல்காரர் மனைவி கேட்டார்: "இந்தக் கப்புகளுக்கு யாரு தண்ணி ஊத்தினது? அவளும்தானே?"

முடிந்தது. என் படிப்பு, பாடம், நிரூபணம் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்தது.

மறுநாள் பள்ளிக்கு வந்தபோது பட்டாணி தன் பாத்தியில் நின்றாள். கொம்புகளைச் சாய்த்து, காய்த்த கொடியை வேரோடு இழுத்துப் போட்டிருந்தாள். தக்காளியையும் பிடுங்கியாயிற்று. இரண்டு கையிலும் பச்சை வாடை. "என்னடி பண்ற?" என்று கத்தினேன்.

"இப்ப எல்லார் மாதிரியும் ஆயிடுச்சு மிஸ்" என்றாள். "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

சொன்னார்கள். குற்றம் செய்தவள்தானே பயந்து பிடுங்குவாள் என்று சொன்னார்கள்.

தம்பி, மாதக் கடைசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அவள் அம்மா மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். என் வாயில் வருவதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். மருந்து அடித்தவனே வந்து சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது. கெஞ்சுகிறேன். வாழ்க்கையில் உன்னிடம் நான் கெஞ்சியதில்லை. அப்பாவுக்கு வராததை இனி எந்தக் காலத்திலும் எடுக்க மாட்டேன். அறை போனால் என் வீடு இருக்கிறது. ஒற்றை அறைதான். உன் மனைவிக்குக் கட்டில், நமக்குத் தரை. வா.

அக்கா

ஆகஸ்ட் 24

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மருந்து டப்பாவையும் எடுத்து வருகிறேன். இவளிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

அன்று மாலையே திரும்ப வேண்டும். வரும்போது கத்தாதே.

தம்பி

செப்டம்பர் 6

அக்கா,

இது இவள் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுவது. முதலாளியிடம் நானே சொல்லிவிடலாம் என்று திங்கட்கிழமை போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. பெட்டி வாசலில் இருந்தது. உன் வீட்டுக்கு வராததற்குக் காரணம் கோபம் இல்லை. உன் வீட்டு மாடிப்படி ஏற இவளால் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். திட்டு வாங்கத்தான் வந்தேன். அடி விழுந்தாலும் நின்று வாங்க வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன். குழாய் பக்கத்தில் நின்று டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தையல்காரர் என் தோளில் கை போட்டார். "தம்பி என்ன வேணும்னா பண்ணாரு? நல்லது நெனச்சு அனுப்பினாரு. விடுங்கப்பா." ஒருவர் ஓடிப் போய் டீ வாங்கி வந்தார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். செய்தவன் நான். எனக்கு டீ. செய்யாத அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் பள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அந்த டீயை நான் குடித்தேன் அக்கா. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகி நான் கிளம்பும்போது, ஏதோ கூடிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். என்ன ஆயிற்று? அவர்கள் இருக்கிறார்களா, போய்விட்டார்களா? அதை மட்டும் எழுது. வேலை போனது எதற்காவது ஆயிற்று என்று தெரிந்தால் இவளிடம் சொல்வேன்.

தம்பி

செப்டம்பர் 12

தம்பி,

இருக்கிறார்கள். காலி செய்ய வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பட்டாணி பள்ளிக்கு வருகிறாள். உன் மனைவியிடம் இதை மட்டும் சொல். மீதியை நீ மட்டும் படி.

நீ பஸ் ஏறிய பிறகு கூட்டம் கலையவில்லை. தையல்காரர் யோசித்துக்கொண்டே வந்து என்னைக் கேட்டார். "டீச்சர், அப்போ எரு படாத மண்ணு நல்ல மண்ணுதானே?" ஆமாம் என்றேன். "அப்படின்னா இந்தத் தோட்டத்துலயே இப்ப வெளையற எடம் கொழாயடிப் பாத்தி ஒண்ணுதான்." ஆமாம் என்றேன். நான் எங்கே போகிறேன் என்று தெரியாமலே இரண்டு முறை ஆமாம் சொல்லிவிட்டேன். எல்லார் தலையும் ஒன்றாகத் திரும்பியது. அப்போதுதான், அந்த ஒரு நாளில் முதல்முறையாக, அவர்களைப் பார்த்தார்கள்.

தையல்காரர் மனைவி பட்டாணியின் அம்மாவிடம் போனார். குரலில் அவ்வளவு சர்க்கரை. "என்னம்மா, நாமெல்லாம் ஒரே தெரு. ஒருத்தர் மட்டும் வெளைய வெச்சு மத்தவங்க வேடிக்க பாக்கறது நல்லாவா இருக்கும்? பாத்தியப் பிரிச்சுக்கலாம். ஆளுக்கு ஒரு சாண். ஒனக்கும் ஒரு சாண் உண்டு."

மன்னிப்பு என்ற சொல்லை ஒருவராவது சொல்வார் என்று காத்திருந்தேன். கல் எறிந்தவர்கள் அங்கேயே நின்றார்கள். பூட்டுப் போட்டவரும் நின்றார். நான் குறுக்கே பாய்ந்தேன். "சீட்டுல விழுந்தது அவங்க பாத்தி. அவரவர் பாத்தி அவரவருக்குன்னு விதி இருக்கு" என்று கத்தினேன். வீட்டுக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "விதிய மாத்தவும் கூட்டத்துக்கு உரிமை இருக்குன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக்கொடுத்தீங்க?" இருக்கிறது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சோளம் ஆள் உயரம் நிற்கும் அவரும் ஒரு சாண் கேட்டார்.

பட்டாணியின் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. எல்லாரையும் தாண்டிக் குழாயைப் பார்த்தார். "பிரிச்சுக்கோங்க" என்றார். "கொழாய்ல தண்ணி புடிக்கலாமா?"

கொஞ்சம் குசுகுசுத்தார்கள். பிறகு தையல்காரர் பெரிய மனதோடு அறிவித்தார். "புடிச்சுக்கலாம். காலையில எல்லாரும் புடிச்சு முடிச்ச பிறகு."

"சரிங்க" என்றார் அந்த அம்மா.

தீர்மானம் நிறைவேறியது. நீ வேலையைக் கொடுத்து வாங்கிய உண்மை ஒரு நாள்கூட உண்மையாக நிற்கவில்லை. அவர்கள் நிரபராதிகள் என்று நிரூபித்தோம். அந்த நிரூபணத்தைக் கொண்டே அவர்களிடம் இருந்ததையும் பறித்தார்கள். குழாய் முன்பு உரிமையாக இருந்தது, இப்போது தானம். நீ வராமல் இருந்திருந்தால் தெருவை விட்டே போயிருப்பார்கள். வந்ததால் தெருவுக்குள் கடைசி ஆளாக இருக்கிறார்கள். எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் டீச்சர், சொல்லத் தெரிய வேண்டும்.

கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கை தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தேன். அவர்களுக்கு வேறு எதுவும் அவ்வளவு நன்றாக வரவில்லை, இது மட்டும் வந்தது. தையல்காரர் பேசி முடித்ததும் என் வகுப்பு முழுதும் என்னைப் பார்த்தது. நான் தலையாட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் கை தட்டினார்கள். பிறகு தெருவும் தட்டியது.

பட்டாணியும் தட்டினாள். எல்லாரும் நிறுத்திய பிறகும், சரியாகச் செய்கிறேனா என்று என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

அக்கா